டீசல் என்ஜினில் ஆர்பிஎம் முள் படுத்துவிட்டால்: ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையை வோல்ட் மீட்டரால் சோதிக்கும் முறை

பினாங்கின் பத்து மாவுங்கில் கட்டியிருக்கும் மீன்பிடிப் படகுகள், புக்கிட் தம்புனிலிருந்து மீன் கூண்டுகளுக்கு ஓடும் படகுகள், பிறையில் வாடகைக்குப் போகும் ஜெனரேட்டர்கள் ஆகியவற்றில் வயரிங் வேலை பார்த்துவரும் எனக்கு, ஆண்டுதோறும் சலிக்காமல் திரும்பி வரும் பழுது என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டரின் முள் எழாமல் கிடப்பதுதான். என்னைக் கூப்பிடுவதற்குள் பலர் புது மீட்டர் வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். அதன் முள்ளும் பழையதைப் போலவே படுத்திருக்கும். மீட்டரே கெட்டுப்போயிருந்த படகுகளை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

பழைய வகை டீசல் என்ஜின்களில் இந்த மீட்டர், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர் என்னும் அசையாச் சுருளிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட ஒரே ஒரு கம்பியைக் கொண்டே சுழற்சியைக் கணக்கிடுகிறது. அந்தக் கம்பி பூட்டப்படும் சிறு முனைக்கு ‘டபிள்யூ’ (W) என்று பெயர். ஜப்பானிய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் அதே முனை ‘பி’ (P) என்று குறிக்கப்பட்டிருக்கும். பேட்டரியின் தடித்த கம்பி ஏறும் ‘பி பிளஸ்’ (B+) முனையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உங்கள் மீட்டரின் கம்பி ஆல்டர்னேட்டருக்குப் போகாமல் ஃப்ளைவீல் கூட்டில் திருகியிருக்கும் சென்சாருக்குப் போகிறது என்றால், கீழே வரும் சோதனைகள் உங்கள் என்ஜினுக்குப் பொருந்தாது.

## தொடங்கும் முன்: அளக்கும் கருவியைச் சோதியுங்கள்

ஹார்ட்வேர் கடையில் 20, 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் மல்டிமீட்டரே இந்த வேலைக்குப் போதும். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. டபிள்யூ முனையில் வருவது ஏசி (மாறுமின்சாரம்) என்று கேள்விப்பட்டவர்கள் குமிழை ஏசிக்குத் திருப்பி அளந்துவிட்டு, 15 வோல்ட் வருகிறதே என்று திருப்தியடைவார்கள். சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பிடித்தால் அதே கருவி பூஜ்யம் காட்டும். மலிவான கருவிகளில் பல, ஏசி நிலையில் இருக்கும்போது கலந்து வரும் டிசியை, அதாவது நேர்மின்சாரத்தை, தடுப்பதில்லை என்பதே இதற்குக் காரணம். என்ஜினை நிறுத்திவிட்டு, குமிழை ஏசியில் வைத்தபடியே பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள், பிறகு கம்பிகளை மாற்றித் தொடுங்கள். இரண்டு முறையும் பூஜ்யம் வந்தால் கருவி நம்பத்தக்கது. ஒரு முறை பூஜ்யமும் மறுமுறை 25 வோல்டுக்கு மேலும் வந்தால், டபிள்யூ முனையில் அது காட்டும் ஏசி அளவை எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

அத்தகைய கருவி வைத்திருப்பவர் டிசி நிலையில் அளந்தாலே போதும். உண்மையில் நான் எப்போதும் அதில்தான் தொடங்குகிறேன். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது டபிள்யூ முனை பூஜ்யத்துக்கும் சார்ஜ் வோல்டேஜுக்கும் இடையே நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்குவதால், டிசி நிலையில் அதன் சராசரி, அதாவது சார்ஜ் வோல்டேஜின் பாதி, தெரியும். பேட்டரியில் 14 வோல்ட் இருந்தால் டபிள்யூ முனையில் ஏறத்தாழ 7 வோல்ட் வர வேண்டும். 24 வோல்ட் அமைப்பில் சார்ஜ் 28 வோல்ட் என்றால் ஏறத்தாழ 14 வர வேண்டும். நல்ல கருவியில் ஏசி நிலையிலும் இதற்கு நெருங்கிய அளவே வரும். மலிவான கருவிகளின் ஏசி அளவு பெரும்பாலும் 400 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாக இருக்கும் என்பதால், என்ஜினை ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல், விட்டே அளக்க வேண்டும்.

கறுப்புக் கம்பியைப் பெயின்ட் பூசிய என்ஜின் பிளாக்கில் வைக்காமல் ஆல்டர்னேட்டரின் வெற்று உலோகத்தில் வையுங்கள். சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் செருகியிருக்கக் கூடாது; ஒவ்வொரு முறையும் பாருங்கள். அந்த நிலையில் பி பிளஸ் முனையைத் தொட்டால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகிவிடும். ஓடும் என்ஜின் அருகே தொளதொளச் சட்டையும் கழுத்துத் துண்டும் வேண்டாம். அளக்கும் கம்பிகளை முதலைக் கிளிப்பால் பிடித்துவிட்டுக் கையை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

## முள் அசையவே இல்லை. ஆனால் பேட்டரி ஒழுங்காக ஏறுகிறது

12 வோல்ட் அமைப்பில், என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். இப்போது டபிள்யூ முனையில், மீட்டருக்குப் போகும் கம்பியைக் கழற்றாமலேயே, டிசியில் அளந்து பாருங்கள்.

டபிள்யூ முனையில் 7 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குறை ஆல்டர்னேட்டரில் இல்லை. அதை இனித் தொட வேண்டாம். அடுத்து டேஷ்போர்டின் பின்னால் போய், மீட்டரின் சிக்னல் முனையில் அதே அளவு வருகிறதா என்று பாருங்கள். அங்கேயும் 7 வோல்ட் இருந்தால், சாவியைத் திறந்ததும் மீட்டருக்கு வரும் மின்சாரம் 12 வோல்டுக்குக் குறையாமல் இருக்கிறதா, மீட்டரின் எர்த் கம்பிக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.2 வோல்டுக்கு மேல் வேறுபாடு காட்டுகிறதா என்ற இரண்டையும் பாருங்கள். டேஷ்போர்டு எர்த்தில் உப்புக் காற்றுப் பட்டுப் பச்சை பூத்திருப்பது இந்தக் கடலோரத்தில் அன்றாடக் காட்சி. இவை இரண்டும் சரியாக இருந்து, சிக்னலும் வந்து, முள் எழாமல் இருந்தால் மட்டுமே புது மீட்டருக்குப் பணத்தை எடுக்கலாம்.

மீட்டரின் முனையில் சிக்னல் வரவில்லை என்றால் குறை இடைப்பட்ட கம்பியில் இருக்கிறது. என்ஜினிலிருந்து வரும் கம்பிக்கட்டும் டேஷ்போர்டுக் கம்பிக்கட்டும் சேரும் பெரிய பிளக்கை முதலில் இழுத்துப் பாருங்கள்; பத்தில் ஏழெட்டுப் படகுகளில் நான் தேடியது அங்கேதான் கிடைத்தது. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அரித்துப்போன இணைப்பு, மீட்டரின் கம்பியைக் கழற்றிவிட்டு அளக்கும்போது முழு 7 வோல்டையும் காட்டும், மீட்டரைப் பூட்டியதும் 1, 2 வோல்டுக்கு விழுந்துவிடும். வோல்ட் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகச் சிறிது என்பதால், நூல் அளவு செம்பு மிச்சமிருந்தாலும் அது ஏமாந்துவிடுகிறது. ஆகவே இந்தக் கம்பி வழியில் எடுக்கும் எல்லா அளவையும் மீட்டர் பூட்டியிருக்கும் நிலையிலேயே எடுங்கள். சந்தேகம் தீராவிட்டால், டபிள்யூ முனையிலிருந்து மீட்டருக்கு வெளியே ஒரு தற்காலிகக் கம்பியை நேராக இழுங்கள். முள் எழுந்தால் பழைய கம்பியைக் கைவிட்டு, ஈயம் பூசிய மரைன் கம்பியில் புதிதாக இழுத்துவிடுவது மேல்.

டபிள்யூ முனையில் எதுவும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் மீட்டருக்குப் போகும் கம்பியைக் கழற்றி முனையை மட்டும் அளந்து பாருங்கள். கழற்றியதும் 7 வோல்ட் வந்தால் அந்தக் கம்பி வழியில் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது மீட்டருக்குள்ளேயே ஷார்ட் இருக்கிறது. கழற்றியும் பூஜ்யமே என்றால், ஆல்டர்னேட்டருக்குள் ஸ்டேட்டர் சுருளோடு பற்றவைத்த டபிள்யூ கம்பி என்ஜின் அதிர்வில் அறுந்திருக்கும். அண்மையில்தான் ஆல்டர்னேட்டர் பழுதுபார்க்கப்பட்டது என்றால், திரும்பப் பூட்டும்போது அந்தக் கம்பியை விட்டிருக்கலாம். இரண்டு படகுகளில் இப்படி நடந்து, இரண்டு முறையும் உரிமையாளர் மீட்டரைத்தான் சந்தேகித்தார். இது ஆல்டர்னேட்டர் பழுதுபார்க்கும் டைனமோ கடையின் வேலை. ஆல்டர்னேட்டரைப் பிரிக்கும் பழக்கமில்லாதவர் இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

## முள்ளும் அசையவில்லை, பேட்டரியும் ஏறவில்லை

என்ஜின் ஓடும்போதும் பேட்டரி 12.5 வோல்டிலேயே நின்று மெல்ல இறங்கினால், முள்ளைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டு ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். அது சரியானால் முள்ளும் தானே எழும்.

பெல்ட் இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்பது முதல் சோதனை. ஃபியூஸும், டேஷ்போர்டில் உள்ள சார்ஜ் விளக்குக்குப் போகும் மெல்லிய கம்பியும் இரண்டாவது. மூன்றாவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை: என்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் திறந்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங் அருகே கொண்டுபோங்கள். ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் சுருளான ரோட்டருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தால் நுனி காந்தம்போல இழுக்கப்படும். இழுப்பு இல்லை என்றால் ரோட்டருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம், ரோட்டர் சுருள் அறுந்திருக்கலாம். செலவும் அதே வரிசையில்தான் ஏறும். பிரஷ் மாற்றுவதை வெளியிலிருந்தே செய்ய முடிகிற ஆல்டர்னேட்டர் என்றால் நீங்களே செய்யலாம். மற்றவற்றுக்கு வயர்மேனைக் கூப்பிடுங்கள். பழைய வாகனங்களின் பாகங்களைக் கழற்றி விற்கும் போத்தோங் கடையில் பழைய ஆல்டர்னேட்டரை வாங்கிப் போட நினைப்பவர், அதற்கு டபிள்யூ முனை வெளியே எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்க வேண்டும். கார் ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் அந்த முனையே இருக்காது.

ஆல்டர்னேட்டர் ‘உயிரோடு இருக்கிறதா’ என்று பார்க்க, ஓடும் என்ஜினில் பேட்டரிக் கம்பியைக் கழற்றும் பழைய வழக்கம் இன்னும் சில மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. கழற்றிய அந்த நொடியில் எழும் வோல்டேஜ், ஏசியை டிசியாக்கும் டயோடுகளையும் ரெகுலேட்டரையும் மீட்டரையும் சேர்த்து எரித்துவிடக்கூடும். எவர் சொன்னாலும் செய்யாதீர்கள்.

## முதலில் படுத்திருக்கிறது. ஒருமுறை ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் எழுகிறது

காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் பூஜ்யத்தில் கிடக்கும், 1500 சுழற்சிக்கு மேல் ஏற்றினால் திடீரென்று எழும், பிறகு ஐட்லிங்குக்கு இறக்கினாலும் ஒழுங்காகக் காட்டும். சார்ஜ் விளக்கின் வழியாக ரோட்டருக்குப் போக வேண்டிய தொடக்க மின்சாரம் போகவில்லை என்பதே இதன் பொருள். ரோட்டரில் மிச்சமிருக்கும் சிறு காந்தத்தைக் கொண்டு, வேகம் ஏறிய பிறகே ஆல்டர்னேட்டர் தானாக விழித்துக்கொள்கிறது.

சாவியைத் திறந்து, என்ஜினை ஓட்டாமல், சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால், அந்த விளக்குக் கம்பி பூட்டப்படும் ‘டி பிளஸ்’ அல்லது ‘எல்’ முனையில் டிசியில் அளங்கள். பூஜ்யம் வந்தால் பல்ப் சுட்டுப்போயிருக்கிறது, அல்லது கம்பி அறுந்திருக்கிறது. 12 வோல்ட் வந்தால் மின்சாரம் முனைவரை வந்து உள்ளே போக வழியில்லாமல் நிற்கிறது, ஆகவே பிரஷ்ஷைப் பாருங்கள். பல்ப் எரிந்து, முனையில் 1 அல்லது 2 வோல்ட் இருப்பதே சரியான நிலை.

டேஷ்போர்டு பல்புகளை எல்லாம் எல்இடியாக மாற்றிய பிறகு இந்தக் குறை தொடங்கியிருந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. எல்இடி வழியாகப் போகும் மின்சாரம் ரோட்டரை எழுப்பப் போதாது. சார்ஜ் விளக்கை மட்டும் 12 வோல்ட் 2 அல்லது 3 வாட் பழைய பல்புக்கே திரும்ப மாற்றிவிடுங்கள். ஒரு பல்பின் விலையில் தீர்ந்துபோகும் இந்தக் குறைக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்களை நான் அறிவேன்.

## ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் விழுகிறது. சிறிது நேரத்தில் எழுகிறது

மீன் கூண்டுகளுக்குப் போய்வரும் ஒரு படகின் முள், காலையில் நன்றாக இருக்கும், வெயில் ஏறியதும் விழுந்துவிடும், மாலையில் தானே எழும். நான் இரண்டு முறை போனபோதும் காலை நேரம் என்பதால் டபிள்யூ முனையில் 7 வோல்ட் அழகாக நின்றது. கம்பியைச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பினேன், முள் அன்று மதியமே விழுந்தது. மூன்றாம் முறை நண்பகலில் போனபோதுதான் கூரையில் புதிதாக ஏறியிருந்த சோலார் பலகை கண்ணில் பட்டது. சோலார் பேட்டரியை 14 வோல்டுக்கு மேல் பிடித்துவைத்திருந்தால், ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் ‘பேட்டரி நிறைந்துவிட்டது’ என்று ரோட்டரின் மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. ரோட்டர் சுற்றிக்கொண்டே இருந்தாலும் டபிள்யூ முனையில் சிக்னல் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. வெளியே பொருத்திய ரெகுலேட்டர் உள்ள படகுகளிலும், லித்தியம் பேட்டரி மாற்றிய படகுகளிலும் இதே கதைதான்.

முள் விழுந்திருக்கும் நேரத்தில் பெரிய விளக்குகளையும், படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பையும் போட்டுப் பாருங்கள். முள் உடனே எழுந்தால் எந்தப் பொருளும் கெட்டுப்போகவில்லை. சோலார் கன்ட்ரோலருக்கு ஒரு சுவிட்ச் வைத்து, என்ஜின் ஓடும்போது நிறுத்திவிடுவதே மலிவான தீர்வு. பளுவைப் போட்டும் எழவில்லை என்றால், விழுந்திருக்கும் அந்த நேரத்திலேயே பேட்டரியை அளங்கள்: சார்ஜும் நின்றிருந்தால் தேய்ந்த பிரஷ் அல்லது சூடேறினால் விட்டுவிடும் ரெகுலேட்டர் என்று கொள்ளலாம், சார்ஜ் நிற்காவிட்டால் டபிள்யூ கம்பியில் எங்கோ தளர்ந்த இணைப்பு இருக்கிறது.

## முள் நடுங்குகிறது, துள்ளுகிறது

விளக்கு, பம்ப் போட்டதும் நடுங்கத் தொடங்கினால் பெல்ட் வழுக்குகிறது. இரண்டு புல்லிகளுக்கும் நடுவே பெருவிரலால் அழுத்தும்போது பெல்ட் 10 மில்லிமீட்டர் அளவுக்கு மேல் இறங்கக் கூடாது. ஆல்டர்னேட்டரைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தால் பெல்ட்டையே மாற்றுங்கள். எந்தப் பளுவும் இல்லாமல் நடுங்கினால், என்ஜின் ஓடும்போது கம்பிக்கட்டை ஒரு காய்ந்த மரக்குச்சியால் அசைத்துப் பாருங்கள். துள்ளும் இடத்தில் குறை இருக்கிறது.

நடுக்கத்தோடு, காலையில் பேட்டரியும் இறங்கிக் கிடந்தால் டயோடைச் சந்தேகிக்க வேண்டும். என்ஜினும் சாவியும் நிறுத்திய நிலையில் டபிள்யூ முனையை டிசியில் அளங்கள். பூஜ்யமோ அதற்கு நெருங்கிய அளவோதான் வர வேண்டும்; பேட்டரியின் 12 வோல்ட் அப்படியே அங்கே நின்றால் பாசிட்டிவ் பக்கத்து டயோடு ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. உறுதிப்படுத்த, பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கருவியை டயோடு நிலைக்கு மாற்றி, சிவப்பை ஆல்டர்னேட்டர் உடலிலும் கறுப்பை டபிள்யூவிலும் வைத்தால் 0.5 அளவு வர வேண்டும், மாற்றி வைத்தால் எதுவும் வரக் கூடாது. சிவப்பை டபிள்யூவிலும் கறுப்பை பி பிளஸ் முனையிலும் வைத்தும் அதே சோதனையைச் செய்யுங்கள். இரு பக்கமும் பாய்ந்தால் ஷார்ட். ஆனால் சுருள்கள் மூன்றும் உள்ளே இணைந்திருப்பதால், அறுந்துபோன டயோடை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு, டிசியைத் தடுக்கும் நல்ல கருவியை ஏசியில் வைத்து, ஓடும் என்ஜினில் பேட்டரியின் முனைகளை அளங்கள், 0.5 வோல்டுக்கு மேல் வந்தால் ஆல்டர்னேட்டரை டைனமோ கடைக்குக் கொண்டுபோக வேண்டும். தள்ளிப்போட வேண்டாம், மற்ற டயோடுகளும் சூடேறித் தொடர்ந்து போகும்.

## நிலையாகக் காட்டுகிறது, ஆனால் தவறாகக் காட்டுகிறது

முள் நடுங்காமல் தப்பான எண்ணைக் காட்டினால், அநேகமாக யாரோ ஆல்டர்னேட்டரையோ புல்லியையோ மீட்டரையோ மாற்றியிருக்கிறார்கள். என்ஜினின் ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்று மீட்டருக்குச் சொல்லப்பட்டிருக்கும் எண், இப்போதுள்ள ஆல்டர்னேட்டருக்குப் பொருந்தவில்லை.

கணக்கு எளிது: என்ஜின் தண்டில் உள்ள கிராங்க் புல்லியின் விட்டத்தை ஆல்டர்னேட்டர் புல்லியின் விட்டத்தால் வகுத்து, ரோட்டரின் காந்தத் துருவ இணைகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், ஆல்டர்னேட்டர் புல்லி 75 மில்லிமீட்டர், துருவங்கள் 12, அதாவது 6 இணைகள் என்றால், 2 × 6 = 12 துடிப்பு. இந்த எண்ணை மீட்டரின் முதுகில் உள்ள சிறு சுவிட்சுகளிலோ திருகிலோ அமைக்க வேண்டும். 6 இணை ஆல்டர்னேட்டரை எடுத்துவிட்டு 8 இணை உள்ளதைப் போட்டால், என்ஜின் 1500இல் ஓடும்போது முள் 2000 காட்டும்.

உங்கள் கருவியில் ஹெர்ட்ஸ் நிலை இருந்தால் டபிள்யூ முனையிலேயே சரிபார்க்கலாம்: ஹெர்ட்ஸை 60ஆல் பெருக்கித் துடிப்பு எண்ணால் வகுத்தால் என்ஜினின் சுழற்சி வரும். மேற்சொன்ன அமைப்பில் 150 ஹெர்ட்ஸ் என்றால் 750 சுழற்சி. ஒளி அடித்து அளக்கும் ஆர்பிஎம் கருவி ஒன்றை இரவல் வாங்கி, கிராங்க் புல்லியில் பளபளப்பு ஒட்டு ஒட்டி ஒப்பிட்டுப் பார்த்தால் ஐயமே இருக்காது.

முள் காட்டுவது உண்மையைப்போல மும்மடங்காகவோ, எந்தக் கணக்குக்கும் அடங்காமலோ இருந்தால், கம்பி டபிள்யூவில் பூட்டப்படாமல் பழைய ஜப்பானிய ஆல்டர்னேட்டர்களில் இருக்கும் ‘என்’ முனையில் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது மூன்று சுருள்களும் சேரும் நடுப்புள்ளி. அங்கேயும் டிசியில் அளந்தால் அதே 7 வோல்ட்தான் வரும், ஆகவே வோல்ட் மீட்டரை மட்டும் நம்பிப் பூட்டியவர் ஏமாந்திருப்பார். ஆனால் அங்கே வரும் துடிப்பு மும்மடங்கு வேகமானது, வலுவும் குறைந்தது. அந்த ஆல்டர்னேட்டரில் டபிள்யூ முனை வெளியே இல்லாவிட்டால், டைனமோ கடையில் கொடுத்து ஸ்டேட்டரின் ஒரு சுருள் முனையிலிருந்து கம்பி எடுத்துத் தரச் சொல்லலாம். அப்போது அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள்: ஐட்லிங்கில் பேட்டரி வோல்டேஜ், என்ஜின் ஓடும்போது டபிள்யூ அல்லது ‘என்’ முனையின் டிசி அளவு, நிறுத்திய பிறகு அதே முனையின் அளவு, இரண்டு புல்லிகளின் விட்டம். இந்த எண்கள் கையில் இருந்தால், கடைக்காரர் மறுபடி முதலிலிருந்து தேடும் நேரத்துக்கு நீங்கள் கூலி கொடுக்க வேண்டியிருக்காது.